என் சொந்தக் கையாலே

ஜெபக்குழுவில் எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். ஒருவர் தன் பாரத்தைச் சொல்கிறார். பாதியில் குரல் உடைகிறது. மற்றவர்கள் ‘ஸ்தோத்திரம்’ என்று முணுமுணுக்கிறார்கள். எழுதுகிறவனும் அதே வட்டத்தில்தான் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறான். ஆனால் அவனுக்குள் இருக்கும் ஒருத்தன் மட்டும் கண்ணைத் திறந்து, ‘நல்லா இருக்கே, இதை மறந்துடாதே’ என்கிறான்.

அவனோடு எனக்குப் பல வருடப் பழக்கம். கெட்டவன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. நான் எழுதியதில் உருப்படியான வரிகள் எல்லாம் அவன் பொறுக்கிக் கொடுத்தவை. பிரசங்கத்தில் போதகர் சொல்லாமல் விட்டது, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு அப்பா மாத்திரைச் சீட்டை மடித்த விதம், இதையெல்லாம் பார்ப்பவன் அவன்தான். ஆனால் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோமா என்பது எனக்குச் சந்தேகம். நான் தண்ணீரில் முங்கி எழுந்தபோது அவன் கரையில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான் என்றே நினைக்கிறேன்.

ஒருநாள் எங்கள் குழுவில் ஒரு அக்கா தன் மகனுக்காக ஜெபிக்கச் சொன்னார். பையன் போதைப் பழக்கத்தில் விழுந்து, வீட்டைவிட்டுப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. எப்போதாவது நடுராத்திரியில் வருவான், விடிவதற்குள் போய்விடுவான். அக்கா சொன்னார்: “ராத்திரி பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுறதில்லை. ஒரு நாற்காலியை மட்டும் கதவுல சாய்ச்சு வச்சுட்டுப் படுத்துக்குவேன். அவன் தள்ளினா சத்தம் கேட்கும்ல. எழுந்து முகத்தையாவது பார்த்துக்கலாம்.”

ஜெபித்தோம். நானும் ஜெபித்தேன், பொய்யில்லை. ஆனால் ‘ஆமென்’ சொல்லும்போதே அந்த நாற்காலி எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒரு மாதப் பத்திரிகைக்கு அப்போது தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். லூக்கா 15ஆம் அதிகாரம், கெட்ட குமாரன் உவமை. வீட்டைவிட்டுப் போய்க் கெட்டுத் திரும்பி வரும் மகனை அப்பா ஏற்றுக்கொள்ளும் கதை. எத்தனை பேர் எழுதித் தேய்ந்த உவமை! புதிதாக என்ன சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தவனுக்கு நாற்காலி கிடைத்தது. ஊரை மாற்றினேன். மகனை மகளாக்கினேன். போதையைக் கடனாக்கினேன். அம்மாவை அப்பாவாக்கினேன். ஆளை மறைக்க என்னென்ன செய்ய வேண்டுமோ எல்லாம் செய்தேன். நாற்காலியை மாற்ற மட்டும் மனம் வரவில்லை. அதை எடுத்துவிட்டால் கட்டுரையில் என்ன இருக்கிறது? அந்த இதழில் அதிகம் பேசப்பட்டது அந்தக் கட்டுரைதான். படித்துவிட்டு அழுததாக இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். ‘தேவனுக்கே மகிமை’ என்றேன். நாம் சொல்வது அதுதானே.

இரண்டு வாரம் கழித்து ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்தார்.

“தம்பி, அந்த நாற்காலி எங்க வீட்டு நாற்காலிதானே?”

கோபம் இல்லை. திருட்டுப்போன சாமானை அடுத்தவர் வீட்டில் பார்த்தவர் கேட்பதுபோல, சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்கிற குரல். நான் என்னவோ சொன்னேன். ‘பெயர் போடலையே அக்கா’ என்றோ, ‘பலருக்கு ஆறுதலா இருந்துச்சு’ என்றோ. இரண்டையும் சொன்னேன் என்றுதான் ஞாபகம். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் குழுவில் அவர் முறை வந்தபோது, “விசேஷமா ஒன்னும் இல்லை, பொதுவா ஜெபிச்சுக்கோங்க” என்றார். அதற்கடுத்த வாரமும் அதையேதான் சொன்னார்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் புழங்கும் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘சாட்சி’. நம் பேச்சில் அதற்கு இரண்டு வேலை. மேடையில் ஏறிச் சொல்வதும் சாட்சி, மேடை இல்லாத இடத்தில் ஒருவர் வாழ்கிற விதமும் சாட்சி. ‘சாட்சி சொன்னார்’ என்கிறோம். ‘சாட்சியைக் கெடுத்துக்கிட்டார்’ என்றும் சொல்கிறோம். சொல்லப்பட்டதை யாராலும் கெடுக்க முடியாது, அது காற்றில் போய்விடும். கெட்டுப்போவது இரண்டாவதுதான். நான் முதலாவது சாட்சியை அச்சில் ஏற்றுகிற அவசரத்தில் இரண்டாவதைக் கெடுத்துக்கொண்டேன்.

எழுதுகிறவர்களுக்கென்றே இருக்கும் வியாதி இது. மன்னிப்பைப் பற்றி 6 பக்கம் எழுதி முடித்தால் மன்னித்துவிட்ட மாதிரியே உடம்பு லேசாகிவிடும். தாழ்மையைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் அமைந்துவிட்டால் அன்று முழுவதும் தாழ்மையாக இருந்ததுபோல ஒரு திருப்தி. யாக்கோபு தன் நிருபத்தில் வசனத்தைக் கேட்கிறவர்கள், செய்கிறவர்கள் என்று இரண்டு வகை சொல்கிறார். எழுதுகிறவர்கள் என்று மூன்றாவதாக ஒரு வகையை அவர் சேர்க்கவில்லை. எங்களைக் கேட்கிறவர்களோடேயே சேர்த்துவிட்டார் போலும். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, அவ்விடம் விட்டதும் தன் சாயலை மறந்துபோகிறவனை உவமையாகச் சொல்கிறார். எங்கள் கேஸ் இன்னும் மோசம். நாங்கள் பார்த்த முகத்தை அழகாக வருணித்துவிட்டு மறப்பவர்கள்.

மலைப்பிரசங்கத்தில் ஒரு வசனம் இன்னும் நேராக இடிக்கும். தர்மம் செய்யும்போது வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக்கூடாது. தட்டச்சு செய்கிறவனுக்கு இரண்டு கையும் வேண்டுமே, என்ன செய்வது?

சொல்லாதே என்பதுதான் சுவிசேஷம் என்று அவசரப்பட்டு முடிவுகட்டவும் முடியாது. இந்த விஷயத்துக்காக மாற்கு 5ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதிகாரத்தின் தொடக்கத்தில் கல்லறைகளில் குடியிருந்த மனிதன். லேகியோன் என்ற பேய்க்கூட்டம் பிடித்திருந்தவன். குணமானதும் இயேசுவோடேயே வருகிறேன் என்று கேட்கிறான். அவர் சம்மதிக்கவில்லை. வீட்டுக்குப் போ, கர்த்தர் உனக்குச் செய்ததை உன் இனத்தாரிடம் சொல் என்கிறார். அதே அதிகாரத்தின் கடைசியில் யவீருவின் மகள், 12 வயதுச் சிறுமி. செத்துப்போனவள் எழுந்து நடக்கிறாள். அங்கே, இதை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கண்டிப்பாகக் கட்டளை. சொல்லிவிட்டு, பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். ஒரே அதிகாரம், இரண்டு உத்தரவு. அறிஞர்கள் இதற்குப் பல விளக்கம் சொல்வார்கள், யூதப் பகுதி, யூதரல்லாதார் பகுதி என்றெல்லாம். சரியாகவே இருக்கலாம். என் கண்ணில் பட்டது வேறு. முதலாமவன் சொல்லப்போவது அவனுடைய சொந்தக் கதை. அவனுக்கு வாய் இருக்கிறது, அவனே சொல்லட்டும். இரண்டாவது, ஒரு குழந்தையின் கதை. பெரியவர்கள் கையில் சிக்கினால் அது ஊர் முழுக்கப் போகும். அந்தப் பெண் தெருவில் நடந்தால், ‘செத்துப் பிழைச்ச பிள்ளை இதுதான்’ என்று காலம் முழுவதும் கை நீளும். அவளுக்கு அந்த நேரத்தில் வேண்டியது சாட்சி இல்லை, சாப்பாடு.

‘அப்படியானால் மாற்கு ஏன் எழுதினார்?’ என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். எழுதினார்தான். ஆனால் நடந்து பல வருடங்கள் கழித்து, பிள்ளையின் பெயர் இல்லாமல் எழுதினார். அவளை எழுப்ப இயேசு சொன்ன ‘தலீத்தாகூமி’ என்ற அந்த அரமேயிக் வார்த்தையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, ‘சிறுபெண்ணே, எழுந்திரு’ என்று பக்கத்திலேயே அர்த்தமும் போட்டார். அதை விட்டுவிட அவருக்கும் மனம் வரவில்லை போலும். எழுதுகிறவர்தானே.

நாற்காலியைப் பற்றிய அந்தக் கேள்விக்குப் பிறகு சில மாதங்கள் நான் ஜான் நியூட்டனைப் படித்துக்கொண்டிருந்தேன். ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டை எழுதியவர். அவர் கதையை நாம் சபைகளில் சொல்லும் விதம் தெரியும்: அடிமைக் கப்பல் மாலுமி, புயல், மனந்திரும்புதல், பாட்டு. 4 வரியில் முடிந்துவிடும். வருடங்களை ஒழுங்காக அடுக்கினால் கதை அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை.

புயல் அடித்தது 1748 மார்ச்சில். இரக்கத்துக்காகக் கதறினார், பிழைத்தார். அந்த நாளைக் கடைசிவரை நினைவில் வைத்திருந்தார். ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்குக் கேப்டனே ஆனார். 1750 முதல் 1754 வரை 3 பயணங்கள். கப்பலில் ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். மனைவிக்குப் பக்தியும் பாசமுமாகக் கடிதங்கள் எழுதினார். அவர் எழுதிக்கொண்டிருந்த அறைக்குக் கீழே, கப்பலின் அடித்தட்டில், மனிதர்கள் விலங்கு பூட்டிக் கிடந்தார்கள். அந்தத் தொழிலை விட்டதும் மனசாட்சி குத்தியதால் அல்ல. 1754இல் திடீரென்று உடல்நலம் கெட்டது, கடலுக்குப் போக முடியவில்லை.

1764இல் போதகராக அபிஷேகம் பெற்றார். அதே வருடம் தன் வாழ்க்கைக் கதையைக் கடிதங்களின் வடிவில் வெளியிட்டார். அதில் தன் பாவங்களை மறைக்கவில்லை. தேவதூஷணம் பேசினேன், விசுவாசத்தை ஏளனம் செய்தேன் என்றெல்லாம் மனம் கசந்து எழுதுகிறார். ஆனால் அடிமை வியாபாரம்? அதில் இருந்த காலத்தில் அது தவறென்று தனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை என்கிறார். 1773 புத்தாண்டு ஆராதனைக்கு அந்தப் பாட்டு வருகிறது. அடிமை வியாபாரத்தை எதிர்த்து அவர் சிறுநூல் வெளியிட்டது 1788இல். புயலிலிருந்து எண்ணினால் 40 வருடம். அறுபது வயதைத் தாண்டிய கிழவராக, நான் அதில் ஒரு கருவியாக இருந்தேன், இன்று நினைத்தாலும் நெஞ்சு நடுங்குகிறது என்று ஒப்புக்கொண்டார். அதோடு விடாமல், பிரிட்டிஷ் பாராளுமன்ற விசாரணையில் போய், கப்பலில் என்ன நடந்தது என்று தெரிந்ததை எல்லாம் சொன்னார். 1807 மார்ச்சில் அந்த வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அந்த டிசம்பரில் அவர் இறந்தார்.

இதைப் படித்து நியூட்டனைத் தூக்கிப்போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பயம்தான் வந்தது. அந்த 1764ஆம் வருடத்துப் புத்தகம் நேர்மையான புத்தகம். அவருக்குத் தெரிந்த பாவத்தை எல்லாம் எழுதிவிட்டார். தெரியாமல் இருந்ததுதான் பெரிதாக இருந்தது. நாம் எழுதும் சாட்சிகளைக் கவனித்துப் பாருங்கள், பாவங்கள் எல்லாம் இறந்தகாலத்தில்தான் இருக்கும். குடித்தேன், ஏமாற்றினேன், தூஷித்தேன். ‘ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்’ என்று முடியும் சாட்சி எதையும் நான் படித்ததில்லை. எழுதினதும் இல்லை. எழுத்தில் பாவ அறிக்கை என்பது பெரும்பாலும் காய்ந்துபோன புண்ணைத் தடவிக் காட்டுவது. பச்சைப் புண் எங்கே இருக்கிறது என்று வேறு யாராவதுதான் விரல் வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அதை ஒரு அக்கா சொன்னார், செருப்பு மாட்டும் இடத்தில்.

அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 3 பக்கம் வந்தது. நன்றாகவே வந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தை, ‘உங்கள் கண்ணீரை நான் மையாக்கிக்கொண்டேன்’ என்று எழுதி, ‘கண்ணீரை’ என்பதா ‘கண்ணீரையே’ என்பதா என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். ஐந்தாவது நிமிடத்தில்தான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. கரையில் நிற்பவன் இதற்கும் வந்துவிட்டான். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். கிழிப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பலிபீடத்தின் முன் காணிக்கையோடு நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார் இயேசு. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல். நான் இதை அதுவரை மாற்றியே படித்திருந்தேன். மன்னிக்கிறவனாக நின்று படித்தால் அந்த வசனம் சுகமாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. காணிக்கையைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் போகச் சொல்கிறார். முடித்துவிட்டுப் போகலாம் என்று இல்லை. என் மேஜையில் அடுத்த மாதக் கட்டுரை பாதியில் இருந்தது, கெடு நெருங்கியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

பேச்சு சுருக்கமாகவே முடிந்தது. “உங்ககிட்ட கேட்காம எடுத்துட்டேன் அக்கா. தப்பு. மன்னிச்சிடுங்க.” அவ்வளவுதான் தயார் செய்து போயிருந்தேன், அவ்வளவே சொன்னேன். பலருக்கு ஆறுதலாக இருந்த கதையைத் திரும்ப எடுக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், “மன்னிச்சிட்டேன் தம்பி. ஆனா கூட்டத்துல இனிமே நான் எதுவும் சொல்ல மாட்டேன். அதுக்கு நீங்க வருத்தப்படக் கூடாது” என்றார்.

மன்னிப்பு வேறு, பழைய நம்பிக்கை திரும்புவது வேறு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டும் ஒன்றாகவே வரும் என்று அதற்கு முன் குறைந்தது மூன்று கட்டுரைகளாவது எழுதியிருப்பேன்.

புதிய ஏற்பாட்டில் எழுதுகிறவனுக்கென்று ஒரு பக்கத்தை மடித்து வைக்கச் சொன்னால் நான் பிலேமோனை மடித்து வைப்பேன். ஒரே அதிகாரம், 25 வசனம். பவுல் சிறையில் இருக்கிறார். பிலேமோன் என்ற வசதியுள்ள விசுவாசியின் அடிமை ஒநேசிமு அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறான். அவனைத் திருப்பி அனுப்பும்போது பவுல் எழுதும் கடிதம் இது. இவனை இனிமேல் அடிமையாக ஏற்காதீர், அதற்கு மேலானவனாக, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும் என்கிறார். ஒநேசிமு என்ற பெயருக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று அர்த்தம். முன்னே பிரயோஜனமில்லாதவன், இப்போது பிரயோஜனமுள்ளவன் என்று அதை வைத்து ஒரு சிலேடையும் போடுகிறார். சிறையில் இருந்தாலும் அந்த ஆசை விடவில்லை பாருங்கள்.

ஆனால் சிலேடையோடு நிறுத்தவில்லை. அவன் உமக்கு ஏதாவது நஷ்டம் செய்திருந்தால், கடன்பட்டிருந்தால், என் கணக்கில் வையும் என்கிறார். உடனே, ‘பவுலாகிய நான் இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்’. பவுல் பல நிருபங்களைச் சொல்லச்சொல்ல வேறொருவர் எழுதினார். ரோமர் நிருபத்தைக் கையால் எழுதிய தெர்தியு, கடைசியில் தன் பெயரையும் போட்டு வாழ்த்துச் சொல்கிறார். இங்கே பணம் கட்டுகிறேன் என்ற இடம் வந்ததும் பவுலே எழுதுகோலை வாங்கிக்கொள்கிறார். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதுபோல. ஒப்புரவாகுதலைப் பற்றி அவர் எழுதிய பெரிய பெரிய இறையியல் எல்லாம் இந்த ஒரு வரியில் காசாக வந்து விழுகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். யாரைப் பற்றிய கடிதமோ அவனோடேயே அது போயிருக்க வேண்டும். ஒநேசிமு அதை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை தூரம் நடந்திருப்பான். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றி அழகாக எழுதி, படித்தவர்களை அழவைக்கிற கடிதம் அல்ல அது.

கடனைக் கட்டுவது என்று இறங்கினால் கணக்கு நிஜமாகவே வரும். லூக்காவில் வரும் வரி வசூலிப்பவர் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். எனக்கு அந்தத் தாராளம் வரவில்லை. அந்தக் கட்டுரைக்கு வந்த சன்மானத்தை அக்காவிடம் கொடுப்பதா என்று யோசித்து, அது அவரை இன்னும் காயப்படுத்தும் என்று விட்டுவிட்டேன். இப்போதும் அது சரியா என்று தெரியவில்லை, வசதியான முடிவாகத்தான் படுகிறது. என் கட்டுரைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் வர இருந்தது. அதிலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டேன். “இதுதானேய்யா தொகுப்புலயே நல்ல கட்டுரை, இதைப் போய் எடுக்கச் சொல்றீங்களே” என்றார் பதிப்பாளர். காரணம் சொல்ல முடியாது, சொன்னால் அக்கா கதை மறுபடி வெளியே வரும். ‘எனக்குத் திருப்தியில்லை’ என்று மழுப்பினேன். அதுவும் பொய்தான். ஒரு தப்பைச் சரிசெய்யப் போய் இன்னொன்று ஒட்டிக்கொண்டது.

கண்ணைத் திறப்பவன் இன்னும் என்னோடுதான் இருக்கிறான். போன வாரம்கூட ஒருவர் தன் மனைவியின் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லும்போது எழுந்து உட்கார்ந்தான். அவனைத் துரத்திவிடு என்று நான் ஜெபிப்பதில்லை. அவன் போனால் எழுத்தும் போய்விடும். தவிர, பார்ப்பது ஒன்றும் பாவமில்லை. ஜெபம் முடிந்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு அந்த ஆளிடம் போய், ‘ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு ராத்திரி துணைக்கு வந்து இருக்கட்டுமா?’ என்று கேட்கப் பார்க்கிறேன். போன வாரம் கேட்டேன். அதற்கு முந்தின தடவை கேட்கவில்லை, தூக்கம் வந்துவிட்டது. வராந்தாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தால் எழுத நிறைய கிடைக்கும்தான். அதற்காகவா போனேன் என்று காலையில் என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் முழுசாகச் சுத்தமாக இல்லை. ஆனால் அந்த மனிதர் ராத்திரி நாலு மணி நேரம் தூங்கினார்.

அப்படியானால் அதே கதையை இங்கே மறுபடி எழுதியிருக்கிறாயே என்று கேட்பீர்கள். இந்தத் தடவை முதலில் கேட்டேன். அக்கா ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். மகனிடமும் கேட்டிருக்கிறார். அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்பதை நான் சொல்லப்போவதில்லை. ‘எழுதிக்கோங்க, ஆனா முதல்ல நான் படிக்கணும்’ என்று பதில் வந்தது. நாற்காலி என்று இங்கே நான் எழுதியிருப்பது நாற்காலி அல்ல. கதவில் சாய்ந்திருந்தது வேறு ஒன்று. பழைய கட்டுரையிலிருந்ததும் இங்கே இருப்பதும் ஒன்றல்ல. இந்த முறை மனம் வந்தது.

பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். பேனாவைக் கேட்டார், கொடுத்தேன். மூன்றாவது பக்கத்தில் இரண்டு வரியை அடித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடித்த இரண்டில் ஒன்று, எனக்குத் தெரிந்து, இந்தக் கட்டுரையிலேயே நல்ல வரி.